சரக்கு நல்ல சரக்கு. கடை ஏன் திவால்?

"ஏனுங்க தோழர், இதிலே பணம் போட்டா பத்து வருஷத்திலே பத்துப் பங்கா வருமாமே, நிசந்தானுங்களா?"

கோவை ஸ்பின்னிங் மில்லில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு தோழர், நம் அலுவலகத்துக்கு வந்து இப்படிக் கேட்டார். கையில் அச்சிட்ட ஒரு தாள். அவருடைய மைத்துனர் மகன் கொடுத்தது. அதில் கிராபீன் என்ற புதுப் பொருளின் மகாத்மியம் பாடப்பட்டிருந்தது. இரும்பின் காலம் போயிற்றாம். சிலிக்கன் காலமும் போகப் போகிறதாம். வரப்போவது கிராபீன் யுகமாம். இன்று பங்கு வாங்குகிறவன் நாளைக்குக் கோடீஸ்வரனாம். வாங்குவதற்கும் தடை இல்லையாம். இந்தியாவிலிருந்து ஒரு நபர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் பாங்கின் விதியே இடம் தருகிறதாம்!

இரண்டரை லட்சம் டாலர் அனுப்பக்கூடிய மில் தொழிலாளி எங்கே இருக்கிறார் என்று நாம் கேட்கவில்லை. அவரிடம் இருப்பது கிராஜுவிட்டிப் பணம். அதற்குத்தான் இந்த வலை.

"பொருள் பொய்யா?" என்று கேட்டார். "பொய் இல்லை, அசல் பொருள்தான்" என்றோம். "அப்போ கம்பெனி?" என்றார். "பல கம்பெனிகள் மூழ்கிவிட்டன" என்றோம். தோழர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "சரக்கு நல்ல சரக்குங்கறீங்க. பின்னே கடை ஏனுங்க திவாலாகுது?" என்றார்.

பொருளாதார நிபுணர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதியும் கேட்காத கேள்வி இது. இதற்குப் பதில் சொல்லவே இக்கட்டுரை.

கரியில் பிறந்த அதிசயம்

முதலில் பொருளைப் பார்ப்போம். பென்சிலுக்குள் இருக்கும் கருப்புப் பொருள் கிராபைட். அது கார்பன் அணுக்களாலான மெல்லிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள கிராபைட்டில் சுமார் முப்பது லட்சம் தாள்கள் இருக்கின்றன. அதில் ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுத்தால் அதுதான் கிராபீன். அதே கனத்துக்கு உருக்குத் தகடு ஒன்றைச் செய்ய முடியுமானால், அதைவிட நூறு மடங்குக்கு மேல் வலிமை உள்ளது. மின்சாரத்தையும் வெப்பத்தையும் வெகு நன்றாகக் கடத்துவது. கண்ணாடிபோல் ஒளியை உள்ளே விடுவது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்ற இரு விஞ்ஞானிகள், ஒட்டும் டேப்பைக் கிராபைட்டில் ஒட்டி ஒட்டி உரித்து இந்த ஒற்றைத் தாளைப் பிரித்தார்கள். 2004-ம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்கள். 2010-ம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

மான்செஸ்டர் நமக்குப் புதிய ஊர் அல்ல. கோவையைத் தென்னாட்டு மான்செஸ்டர் என்கிறோம். தகப்பனார் பங்குதாரராக இருந்த நூல் கம்பெனியில் வேலை பார்க்க 1842-ம் ஆண்டில் வந்த பிரெடெரிக் எங்கெல்ஸ், தொழிலாளி வர்க்கத்தின் நிலைமையை நேரில் கண்டது அந்த ஊரில்தான். 1845-ம் ஆண்டில் அதை நூலாக வெளியிட்டார். பஞ்சில் கொழுத்த முதலாளிகள் போனார்கள். இன்று கரியில் கொழுக்கலாம் என்று புதியவர்கள் வந்திருக்கிறார்கள்.

யார் வீட்டுப் பணம்?

"புதுமை எல்லாம் முதலாளிகளின் துணிச்சலால் பிறக்கிறது" என்று பங்கு மார்க்கெட் பக்தர்கள் ஓயாமல் பஜனை செய்கிறார்கள். கிராபீன் விஷயத்தில் கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

கெய்மைப் படிக்க வைத்தது யார்? சோவியத் யூனியன். 1982-ம் ஆண்டில் மாஸ்கோ பௌதிகத் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்றார். 1987-ம் ஆண்டில் செர்னொகோலோவ்கா என்ற விஞ்ஞான நகரின் ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த நாட்டு உழைப்பாளி மக்களின் பணம்! பிறகு ஆராய்ச்சிக் கூடம் கொடுத்தது யார்? பிரிட்டிஷ் மக்களின் வரிப்பணத்தை நம்பி நடக்கும் சர்வகலாசாலை.

கண்டுபிடித்த பிறகு? மான்செஸ்டரில் தேசிய கிராபீன் கழகம் 6 கோடியே 10 லட்சம் பவுன் செலவில் கட்டப்பட்டு 2015-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதில் 3 கோடியே 80 லட்சம் பவுன் பிரிட்டிஷ் சர்க்கார் பணம். 2 கோடியே 30 லட்சம் ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதியின் பணம். ஐரோப்பிய யூனியனோ 2013-ம் ஆண்டில் பத்து வருஷத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, கிராபீனுக்காக நூறு கோடி யூரோ என்று பறை சாற்றியது.

ஆக, விதை மக்களுடையது. நிலம் மக்களுடையது. நீர் மக்களுடையது. அறுவடைக்கு மட்டும் அரிவாளோடு யார் வந்தார்கள் தெரியுமா? பேட்டண்ட் வக்கீல்கள்!

நோபல் பரிசு பெற்ற சமயத்தில் கெய்மே ஒரு சம்பவத்தைச் சொன்னார். கிராபீனுக்குப் பேட்டண்ட் வாங்கலாமா என்று அவர் ஒரு பெரிய பன்னாட்டு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஆளிடம் யோசனை கேட்டாராம். உங்கள் பொருள் பத்து வருஷம் கழித்துப் பயன்படும் என்று தெரிந்தால், நாங்கள் நூறு வக்கீல்களை உட்கார வைத்து நாளொன்றுக்கு நூறு பேட்டண்ட் எழுதுவோம், நீங்கள் ஆயுள் முழுதும், உங்கள் தீவின் தேசிய வருமானம் முழுதும் செலவழித்து எங்களோடு வழக்காடிக் கொண்டிருக்க வேண்டியதுதான் என்ற கருத்தில் அந்த மனிதர் பதில் சொன்னாராம். கெய்ம் பேட்டண்ட் வாங்கவில்லை.

வீண் மிரட்டலா அது? இல்லை. 2013-ம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியான கணக்கைப் பாருங்கள். கிராபீன் பேட்டண்டுகள் சீனாவில் 2,204, அமெரிக்காவில் 1,754, தென் கொரியாவில் 1,160. கண்டுபிடித்த பிரிட்டனில் 54! தென் கொரியாவின் சாம்சங் என்ற ஒரே கம்பெனியிடம் 407! பெற்றவள் ஒருத்தி, பேர் சொல்லிக்கொள்கிறவள் இன்னொருத்தி என்ற கதைதான்.

லண்டன் மார்க்கெட்டில் நடந்தது

பெரிய புள்ளிகள் பேட்டண்டைக் குவித்தார்கள். சிறு ஆசாமிகளுக்கு என்ன கிடைத்தது? பங்குப் பத்திரம் கிடைத்தது.

டர்ஹாம் சர்வகலாசாலையின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது அப்ளைடு கிராபீன் மெட்டீரியல்ஸ் என்ற கம்பெனி. சிறு கம்பெனிகளுக்கென்று லண்டன் பங்கு மார்க்கெட் நடத்தும் பிரிவில் 2013-ம் ஆண்டு நவம்பரில் அது இறங்கியது. ஒரு பங்கு 155 பென்ஸ். சுமார் 1 கோடியே 10 லட்சம் பவுன் திரண்டது. விஞ்ஞானிகள் உழைக்காமல் இல்லை; பெயிண்ட், பூச்சு என்று சில உபயோகங்களும் வந்தன. ஆனால் செலவை ஈடுகட்டும் விற்பனை வரவே இல்லை. 2023-ம் ஆண்டில் தொழிலை ஒரு கனடியக் கம்பெனிக்கு விற்றுவிட்டு, மார்க்கெட்டிலிருந்து பெயரையும் எடுத்துக்கொண்டது.

வெர்சாரியன் என்று இன்னொன்று. மான்செஸ்டர் சர்வகலாசாலையில் பிறந்த ஒரு சிறு கிராபீன் கம்பெனியை 2014-ம் ஆண்டில் இது வாங்கியது. 2018-ம் ஆண்டில் இதன் பங்கு ஒரு பவுனுக்கு மேல் விலை போயிற்று. 2020-ம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்காரின் நிறுவனம் 50 லட்சம் பவுன் கடனும் கொடுத்தது. 2024-ம் ஆண்டில் அந்தப் பங்கின் விலை ஒரு பென்னிகூட இல்லை! பவுனுக்கு வாங்கியவன் கையில் காசு மிஞ்சவில்லை.

"வாடிக்கைக்காரன் கிடைத்தால் பிழைத்திருக்குமே" என்பீர்கள். அமெரிக்காவில் மிச்சிகன் ராஜ்ய சர்வகலாசாலையில் பிறந்த எக்ஸ்.ஜி. சயன்ஸஸ் என்ற கம்பெனியின் கிராபீன், 2018-ம் ஆண்டில் போர்டு மோட்டார் வண்டிகளுக்குள்ளேயே போயிற்று. எஞ்சினைச் சுற்றியுள்ள பாகங்களில் சத்தத்தையும் சூட்டையும் அடக்க அது பயன்பட்டது. போர்டைவிடப் பெரிய வாடிக்கைக்காரன் யார்? அப்படியும் அந்தக் கம்பெனி தாக்குப் பிடிக்கவில்லை. 2022-ம் ஆண்டில் அதன் சொத்துக்கள் வேறொரு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தன.

பசுவும் பங்கும்

இப்பொழுது தோழரின் கேள்விக்கு வருவோம். கடை ஏன் திவால்?

புதிய பொருளை எந்தத் தொழிற்சாலையும் உடனே வாங்கிவிடாது. ஆகாய விமானத்திலோ பாட்டரியிலோ சேர்ப்பதற்கு முன் வருஷக்கணக்கில் பரீட்சை செய்யும். விலை குறைந்தால்தான் நிறைய வாங்கும். நிறைய வாங்கினால்தான் விலை குறையும். இந்த முடிச்சு அவிழப் பத்து வருஷம் ஆகலாம், நாற்பது வருஷமும் ஆகலாம். ஆனால் பங்கு மார்க்கெட்டுக்கு நாற்பது வருஷம் பொறுமை உண்டா? ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டு என்கிறது. காட்டுவதற்கு விற்பனை இல்லாதபோது கம்பெனி எதைக் காட்டும்? நம்பிக்கையைக் காட்டும்! இன்னாரோடு ஒப்பந்தம், இன்ன நாட்டோடு பேச்சுவார்த்தை என்று வாரந்தோறும் அறிக்கை விடும். நூலே நூற்காத மில்லு, வேட்டி விற்பனைக்கு விளம்பரம் செய்வதுபோல!

அதுவரை சம்பளத்துக்கும் வாடகைக்கும் பணம்? புதுப் பங்கு அச்சடித்து விற்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கவனியுங்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரு பசு வாங்குகிறார்கள். பசு இன்னும் கன்று போடவில்லை. தீனிக்குப் பணம் இல்லை. மேய்க்கிறவன் இன்னும் தொண்ணூறு பேருக்குப் பங்கு விற்று, அந்தக் காசில் தீனி போடுகிறான்; தன் கூலியையும் எடுத்துக்கொள்கிறான். கடைசியில் பால் கறக்கும் நாள் வந்தாலும், முதலில் வந்தவனுக்குப் பத்தில் ஒரு படி கிடையாது, நூற்றில் ஒரு படிதான். பால் கறக்காமலே பசு செத்தால்? மேய்ப்பனின் கூலிக்கு நஷ்டமில்லை. பங்கு விற்றுக் கொடுத்த தரகனின் கமிஷனுக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் முழுதும் பங்குக்காரன் தலையில்!

சரக்காவது முழுக்கச் சுத்தமா? சிங்கப்பூர் தேசிய சர்வகலாசாலை விஞ்ஞானிகள் உலகெங்கும் அறுபது கம்பெனிகள் கிராபீன் என்று விற்ற தூள்களை வாங்கிப் பரீட்சித்து, 2018-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவற்றில் உண்மையான கிராபீன் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட இல்லை. ஒன்றிலாவது பாதி இருந்ததா? ஒன்றிலும் இல்லை! மீதி வெறும் கிராபைட் துகள். பாலில் தண்ணீர் கலந்தால் நம் ஊரில் பால்காரரைப் பிடித்து அபராதம் போடுகிறார்கள். இங்கே தண்ணீரில் பால் கலந்தவர்களைத் தொழில் முன்னோடிகள் என்று மேடையேற்றினார்கள்.

ரோல்ஸ்-ராய்ஸ் படித்த பாடம்

"சிறு கம்பெனிகள் கதை வேறு, பெரிய கம்பெனியில் போட்டால் பயமில்லை" என்று சிலர் புத்தி சொல்வார்கள். ஜெர்மனியின் பேயர் கம்பெனி சின்னக் கம்பெனியா? கிராபீனுக்கு அண்ணன் முறையான கார்பன் நானோ குழாய்களைச் செய்ய, 2010-ம் ஆண்டில் லெவர்குசன் நகரில் வருஷத்துக்கு 200 டன் திறனுள்ள ஆலையைத் திறந்தது. செலவு 2 கோடியே 20 லட்சம் யூரோ. 2013-ம் ஆண்டில் அந்தத் தொழிலையே கைகழுவியது.

இதற்கும் முந்திய பாடம் ஒன்று உண்டு. 1960-களில் பார்ன்பரோ என்ற ஊரிலிருந்த பிரிட்டிஷ் சர்க்காரின் விமான ஆராய்ச்சி நிலையம் வலிமை மிக்க கார்பன் நாரை உருவாக்கியது. ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனி அதை எடுத்துக்கொண்டு, புதிய ஆர்.பி. 211 விமான எஞ்சினின் விசிறித் தகடுகளை அந்த நாரால் செய்யப் போவதாக மார்தட்டியது. பறவை மோதினால் என்ன ஆகும் என்று 1970-ம் ஆண்டில் பரீட்சை நடந்தது. தகடு நொறுங்கியது. மறுபடி டைட்டானியம் உலோகத்துக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அந்த எஞ்சினின் செலவு கம்பெனியையே விழுங்கியது. 1971-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி ரோல்ஸ்-ராய்ஸ் திவாலானது!

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தனியார் முயற்சியே தெய்வம் என்று தோத்திரம் பாடும் கன்சர்வேடிவ் கட்சியின் ஹீத் சர்க்கார், அந்தக் கம்பெனியைத் தேசிய உடைமையாக்கியது. மக்கள் பணத்தில் எஞ்சின் முடிந்தது, பறந்தது, புகழ் பெற்றது. லாபம் கண்ட பிறகு, 1987-ம் ஆண்டில் அதே கட்சியின் தாட்சர் சர்க்கார் அதைப் பங்குகளாக்கி விற்றுத் தனியாரிடம் ஒப்படைத்தது. நஷ்டம் வந்தால் தேசிய உடைமை; லாபம் வந்தால் தனியார் உடைமை! முதலாளித்துவத்தின் மனுதர்மம் இதுவே.

கார்பன் நார் செத்துவிட்டதா? இல்லை. ஜப்பானில் ஒசாகா சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அகியோ ஷிண்டோவும் இந்த நாருக்கு வழி கண்டிருந்தார். அதையொட்டி டோரே என்ற ஜவுளி நார்க் கம்பெனி 1971-ம் ஆண்டில் வியாபார உற்பத்தியைத் தொடங்கியது. முதலில் தூண்டில் கோல், பிறகு கோல்ப் மட்டை என்று காலம் தள்ளியது. 2011-ம் ஆண்டில் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய போயிங் 787 விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, கார்பன் நாரால் முக்கியமாக ஆன கலவைப் பொருள்தான். தொடங்கியது 1971, வெற்றி கண்டது 2011. நாற்பது வருஷம்! பொருள் ஜெயித்தது. ஆனால் 1970-ம் ஆண்டில் ரோல்ஸ்-ராய்ஸ் பங்கு வாங்கியவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

பொருளின் ஜெயம் வேறு. பங்குக்காரனின் ஜெயம் வேறு. இரண்டையும் ஒன்றென்று காட்டுவதுதான் அந்தத் தாளிலிருந்த பித்தலாட்டம்.

ஆபத்து யாருடையது?

"ஆபத்தை ஏற்பவனுக்கே ஆதாயம்; அதில் என்ன தப்பு?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஆபத்தை ஏற்றது யார்? பயன் வருமா வராதா என்று தெரியாத நாளில் பணம் போட்டது சர்க்கார் கஜானா. பயன் வருவதற்கு முன்பே பங்கு வாங்கி மூழ்கியது சிறு சேமிப்புக்காரன். கம்பெனி மூடியதும் வேலை இழந்தது தொழிலாளியும் விஞ்ஞானியும். இந்த மூவரைத் தவிர ஆபத்தை ஏற்ற நான்காவது ஆள் இருந்தால், அவரை எங்களுக்குக் காட்டுங்கள்!

கிராபீனுக்கு நாம் எதிரிகள் அல்ல. விஞ்ஞானத்தின் வெற்றி மனித குலத்தின் வெற்றி. கார்பன் தாள் வலுவான சிமெண்ட் தரட்டும், நல்ல பாட்டரி தரட்டும், வரவேற்கிறோம். நாற்பது வருஷம் பொறுக்க வேண்டிய வேலைக்கு ஆறு மாதக் கணக்குப் பார்க்கும் சூதாட்டக் கூடம் லாயக்கில்லை என்பதே நம் வாதம். அவ்வளவு காலம் பொறுத்திருக்கும் சக்தி சமுதாயத்துக்கே உண்டு. பொறுத்த சமுதாயத்துக்கே பலனும் சேர வேண்டும்.

இது சீமை விவகாரம் என்று ஒதுக்கவும் முடியாது. நம் நாட்டிலும் கிராபீனுக்கு ஒரு மையம் கேரளத்தில் அமைவதாக 2022-ம் ஆண்டில் செய்தி வந்தது. 86 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். கேரள டிஜிடல் சர்வகலாசாலையும் திருச்சூரிலுள்ள மத்திய சர்க்காரின் ஆராய்ச்சி நிலையமும் நடத்துவது. டாடா ஸ்டீல் கம்பெனி தொழில் கூட்டாளி. ஆராய்ச்சி வளரட்டும். ஆனால் சில விஷயங்களை இன்றே கேட்டுவைக்க வேண்டும். மக்கள் பணத்தில் பிறக்கும் பேட்டண்ட் மக்கள் சொத்தாக இருக்க வேண்டும். தனியார் கம்பெனி அதை உபயோகித்தால் சர்க்காருக்கு ராயல்டியும் பங்கும் வர வேண்டும். கிராபீன் என்று விற்கப்படும் சரக்கைச் சோதித்து முத்திரையிடச் சட்டம் வேண்டும். புதுமையின் பெயரால் பங்கு விற்க வருகிறவன், இதுவரை விற்ற சரக்கு எவ்வளவு, புதிதாக அச்சடித்த பங்கு எவ்வளவு, டைரக்டர்கள் எடுத்துக்கொண்ட சம்பளம் எவ்வளவு என்பதை முதல் பக்கத்தில், படிக்கிறவனுக்குப் புரியும் பாஷையில் போட வேண்டும்.

நம் மில் தோழருக்கு என்ன சொன்னோம்? "பணத்தைத் தபாலாபீஸில் போடுங்கள். வட்டி கொஞ்சம்தான் வரும், முதல் எங்கும் போகாது" என்றோம். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி நின்று, "மில்லிலே புது மிஷின் வந்தப்போ பாதிப் பேரை வெளியே அனுப்பினாங்க. அதிலே வந்த லாபத்திலே நமக்குப் பங்கு கேட்டா சிரிச்சாங்க. இப்போ அவுங்களே வீடு தேடி வந்து பங்கு தர்றேங்கறாங்க. அப்பவே யோசிச்சிருக்கணுமுங்க" என்றார்.

லாபம் வரும் தொழிலில் தொழிலாளிக்குப் பங்கு இல்லை. நஷ்டம் வரும் தொழிலில் மட்டும் பங்கு வாங்கச் சொல்லி அழைப்பு! உழைத்துச் சேர்த்த காசை வைத்திருக்கும் தோழர்களே, உஷார்!